துவக்குக்குப் பக்கத்தில் ஒரு வாக்குப்பெட்டி

1

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மாப்பிள்ளையையோ பெண்ணையோ அல்ல. கனகு அண்ணை எந்த மேசையில் இருக்கிறார் என்பதைத்தான். அவர் மேடைக்குக் கிட்ட இருந்தால் நான் வாசலுக்குக் கிட்ட இருப்பேன். அவர் சாப்பாட்டுக்கு எழும்பினால் எனக்கு அப்போதுதான் தேத்தண்ணி குடிக்க ஆசை வரும். இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில் நாலு மணித்தியாலம் இருந்துவிட்டு, ஒருவரை ஒருவர் காணாமலே வீடு போய்ச் சேருவோம். ஒன்பது வருடமாக இதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டோம்.

எங்களுக்குள் காணிச் சண்டை இல்லை. சம்பந்தம் பேசிக் குழம்பவும் இல்லை. கனகு அண்ணை ஊரில் சந்தியடியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், இலிகிதராக இருந்தேன். காலையில் அவருடைய கடையில் காற்றடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். அமைதி காக்க என்று அயல்நாட்டுப் படை ஒன்று எங்கள் ஊர்களில் வந்து நின்ற காலத்தில் ஒரு தேர்தல் நடந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்கெடுப்பு நிலையத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். அன்றைக்குப் பிறகு ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவியது. கச்சேரிக்காரர் தலையாட்டினவராம் என்று.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் ஊரைச் சுற்றிவளைத்தால், ஆண்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட முற்றத்துக்கு வரச் சொல்வார்கள். வரிசையில் ஒவ்வொருவராக, முகத்தை மூடிக்கொண்டு இருக்கும் ஒருவனுக்கு முன்னால் நடந்து போக வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அவன் தலையை ஆட்டினால் சுவரோரமாகத் தனியாகக் குந்த வேண்டும். குந்தியவர்கள் முகாமுக்குப் போவார்கள். அவனுக்குப் பெயரே தலையாட்டி. எங்கள் ஊரில் ஒருவருக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. அந்தப் பெயர் கடல் கடந்து, ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் மல்வேர்னுக்கும் என்னோடு வந்து சேர்ந்தது. ஒருநாள் மல்வேர்ன் கடைத் தொகுதியில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தது என் மகளுக்குக் கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

2

இங்கே என் வேலை பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில். தயிர்ப் பாத்திரங்களுக்கு வரும் மூடிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்க வேண்டும். கச்சேரியில் கோப்பு அடுக்கினேன், இங்கே மூடி அடுக்குகிறேன். வேலை அப்படியொன்றும் மாறிவிடவில்லை என்று மனைவி சாந்தி பகிடி விடுவாள். விடிய ஆறு மணி பஸ். பின்னேரம் நாலு மணிக்கு வீடு. பிறகு தேத்தண்ணியும் தொலைக்காட்சிச் செய்தியும்.

இந்த 1999ஆம் ஆண்டு மார்ச் முடிவில் இருந்து அந்தச் செய்தியில் விமானங்கள்தான். கொசோவோ மக்களைக் காப்பாற்ற யூகோஸ்லாவியா மேல் குண்டு போடுகிறார்கள். போகிற விமானங்களில் கனடாவின் விமானங்களும் உண்டு. நாங்கள் குடியுரிமை எடுத்தபோது இது அமைதி காக்கிற நாடு என்று சொல்லித் தந்தார்கள். அப்போதே எனக்கு உள்ளே ஏதோ ஒன்று இடறியது. அமைதி காக்கிறவர்களை நான் முன்னமே சந்தித்திருந்தேன் அல்லவா.

மகள் தர்சினிக்குப் பதினைந்து வயது. ஆறு வயதில் வந்தவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில், விமானத்தில் வந்து இறங்கிய கொசோவோ அகதிகளுக்கு உடுப்புச் சேர்த்தார்கள். தன்னுடைய நல்ல குளிர்ச்சட்டையையே கொடுத்துவிட்டு வந்தாள். பழையதைக் கொடுத்திருக்கலாமே என்று சாந்தி கேட்டதற்கு, அவையள் பழைய ஆக்களில்லையே அம்மா என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஏதோ முணுமுணுத்தேன். அவள் புத்தகத்தில் இருந்து தலையை எடுத்தாள்.

"ஏன் அப்பா கோவிக்கிறீங்கள்? நாங்கள் ஹெல்ப் பண்ணத்தானே பொம் பண்ணுறம். பிறகு எலெக்ஷன் வைப்பினம். தென் தே வில் பி ஃப்றீ."

"நாங்களோ? ஆர் நாங்கள்?"

"கனடா, அப்பா. நாங்கள்தானே கனடா."

அவள் சொன்னது பிழையில்லை. கையை உயர்த்திச் சத்தியம் செய்து கடவுச்சீட்டு வாங்கியவன் நான்தான். இருந்தாலும் குண்டு விழுகிற பக்கத்தில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, போடுகிற பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதை என் பிள்ளை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு மறுபடி கணக்குச் செய்யத் தொடங்கிவிட்டாள்.

ஜூன் மாதம் குண்டுவீச்சு நின்றது. அடுத்த மாதமே நூலகத்தில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். வெளிநாடுகளில் தேர்தல் நடத்த உதவும் நிறுவனம் ஒன்று, கொசோவோவுக்கு அனுப்ப அனுபவம் உள்ளவர்களைத் தேடுகிறது. தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாக்காளர்களைப் பதிவது எப்படி, பெட்டியை முத்திரையிடுவது எப்படி என்று அந்த ஊர் ஆசிரியர்களுக்குப் பழக்க வேண்டும். ஒன்பது மாத வேலை. நின்ற இடத்திலேயே அதை மூன்று தரம் வாசித்தேன். கனடாவுக்கு வந்த நாளில் இருந்து எனக்குத் தெரிந்த வேலையைக் கேட்டு ஒருவரும் அறிவித்தல் போட்டதில்லை.

விண்ணப்பத்தோடு அத்தாட்சி கேட்டார்கள். கச்சேரிக்கு எழுதிக் கடிதம் எடுப்பதற்குள் கொசோவோவில் மூன்று தேர்தல் முடிந்துவிடும். என்னிடம் இருந்தது தலைமை தாங்கும் அலுவலர் என்று என்னை நியமித்த ஒரேயொரு பழுப்புக் கடிதம். பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து உடம்பில் கட்டிக்கொண்டு வந்தது. அதன் பிரதியை அனுப்பினேன். ஒரு கிழமையில் மிஸ்ரர் சின்னத்தம்பியைக் கூப்பிட்டார்கள். சின்னத்தம்பி என் அப்பா. என் பெயர் பரமநாதன். இந்த நாட்டு விண்ணப்பங்களில் அப்பாவே உத்தியோகம் தேடித் திரிகிறார்.

பேட்டி எடுத்தவர் மார்கிரெட் என்ற பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். ஆபிரிக்காவில் இரண்டு தேர்தல்களைக் கண்டவர். கேட்ட கேள்விகள் எல்லாம் வேலை தெரிந்த ஆளின் கேள்விகள். கடைசியில் நான் நிரப்பிய படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இல்லாத நடுப்பெயருக்குக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் ஏன் விட்டீர்கள்?"

கேள்வி இதுதான். உங்கள் நிலையத்தில் படையினர் இருந்தது வாக்களிப்புக்கு உதவியதா? உதவியது, பாதிக்கவில்லை, இடைஞ்சல் என்று மூன்று பெட்டிகள். பக்கத்தில் விளக்கம் எழுத விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

இந்தக் கோட்டில் அடங்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பயிற்சி நாளில் வந்து வாயால் சொல்லுங்கள் என்றார். பிறகு சொன்னார்: "இங்கே அதிகாரிகள் வருகிறார்கள், பேராசிரியர்கள் வருகிறார்கள். வரிசையில் நின்ற ஒருவர் இதுவரை வந்ததில்லை. அப்படி யாராவது ரொறன்ரோவில் இருக்கிறார்களா?"

இருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

3

எங்கள் ஊருக்கு அந்தப் படை வந்த முதல் மாதம் நாங்கள் மாலை போட்டோம். இதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். சந்தியில் வாழைக் குலை கட்டினோம். கனகு அண்ணை அவர்களுடைய ஒரு சைக்கிளுக்குக் காசு வாங்காமல் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அவர்களுடைய நாட்டில் தேர்தல் திருவிழா மாதிரி நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதில் கொஞ்சம் எங்களுக்கும் வரப்போகிறது என்று நம்பினோம். பிறகு சண்டை தொடங்கியது. மாலை போட்ட அதே சந்தியில் மணல்மூடை அடுக்கிச் சோதனை நடந்தது. அதற்கும் பிறகுதான் தேர்தல் வந்தது.

படையோடு சண்டை பிடித்த பகுதியினர் வாக்களிக்கப் போகாதே என்றார்கள். படை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, பயப்படாமல் வந்து வாக்களியுங்கள் என்றது. சனம் இரண்டையும் கேட்டது. அன்று காலை நான் வெறும் பெட்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, பூட்டி, முத்திரை வைத்தேன். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. வாசலில் இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்குப் பொறுப்பாக ஓர் இளம் லெப்டினன்ற். நல்ல பொடியன். தன்னுடைய ஊரில் முதன்முதல் வாக்களித்த அன்று அம்மா பாயாசம் வைத்த கதையை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். இங்கேயும் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினான்.

எட்டு மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. எனக்கே ஆச்சரியம். வாசல் தாண்டி மதில்வரை வரிசை. வரிசையில் முதல் ஆள் கனகு அண்ணை. பத்து நாளுக்கு முந்திய சுற்றிவளைப்பில் அவருடைய மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவரே வந்துவிட்டார் என்றால் மற்றவர்களும் வருவார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சுற்றிவளைப்பு இதே பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. இதே வாசல், இதே வரிசை, அடையாள அட்டை பார்க்கிற அதே சிப்பாய்கள். மேசைகூட அதேதான், வேறு மேசைக்கு எங்கே போக? எனக்கு இது ஒன்றும் அப்போது தோன்றவில்லை. நான் விதிப்புத்தகத்தைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கீழே வேலை செய்த இலிகிதர் பட்டியலைப் பார்த்து இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிக்க வேண்டும். கனகு அண்ணையின் பெயரை வாசித்தார். ஆள் சரிதானா என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த முகம். சரி, சீட்டைக் கொடும் என்பதற்காக நான் தலையை ஆட்டினேன்.

கனகு அண்ணையின் முகம் அப்படியே வெளுத்துப் போனது. "தம்பி, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று மெல்லமாகச் சொன்னார். இரண்டு கையையும் தலையில் வைத்தார். யாரும் சொல்லாமல் தானாகவே நடந்து போய் சுவரோரமாகக் குந்தினார்.

நான் எழும்பி ஓடியிருக்க வேண்டும். எழும்பவில்லை. மேசையில் சீட்டுப் புத்தகம் திறந்திருந்தது, அதை விட்டு அலுவலர் நகரக்கூடாது என்பது விதி. அவர் என்ன செய்கிறார் என்று லெப்டினன்ற் கேட்டான். சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் குனிந்து, அவரைத் தூக்கி விடுவதற்காகக் கையைப் பிடித்தான். வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். கச்சேரிக்காரர் தலையாட்டினார், ஒருவர் குந்தினார், ஆமிக்காரன் கையைப் பிடித்தான். சத்தம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்தில் மதிலடியில் ஒருவரும் இல்லை.

லெப்டினன்றுக்கு அது தாங்கவில்லை. அவர்களுக்கு விளங்கப்படுத்திக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சிப்பாய்களை வீடுகளுக்கு அனுப்பினான். துவக்கோடு வந்து விளங்கப்படுத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னேரம் பெட்டியைத் தூக்கியபோது காலையில் இருந்த பாரம்தான் இருந்தது.

நாள் முடிவில் ஓர் அறிக்கை நிரப்ப வேண்டும். வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்ற இடத்தில் அமைதியாக நடைபெற்றது என்று எழுதி ஒப்பம் வைத்தேன். பொய்யில்லை. அவ்வளவு அமைதியான தேர்தலை நான் கண்டதேயில்லை. அந்த அறிக்கைகளைக் கூட்டித்தானே, தேர்தல் நடத்திக் கொடுத்தோம், சனநாயகம் வந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

4

"போய்க் கேளுங்கோவன். அவர் என்ன கடிக்கப் போறாரே" என்றாள் சாந்தி. சனிக்கிழமை மோர்னிங்சைட் பஸ் எடுத்துப் போனேன். கனகு அண்ணை மகளோடு பதினோராம் மாடியில் இருக்கிறார். அவர்தான் கதவைத் திறந்தார்.

"நான் பரமநாதன் அண்ணை. கச்சேரி..."

"தெரியும். உள்ளுக்கை வாரும்."

பல்கனியில் கட்டடத்துப் பிள்ளைகளின் சைக்கிள்கள் மூன்று தலைகீழாக நின்றன. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சீனி கலக்கினோம். பிறகு நான் ஒன்பது வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் தலையாட்டினது கிளாக்குக்கு. சீட்டைக் குடும் எண்டதுக்கு. வேறை ஒண்டுமில்லை."

"அது எனக்கு அண்டைக்குப் பின்னேரமே விளங்கீற்றுது."

"பின்னை ஏன் அண்ணை ஊரிலை அப்பிடி ஒரு கதை வந்தது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் கதையை விட்டது நான்தான்."

வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஏன் குந்தினனீ எண்டு எல்லாரும் கேட்டினம். சும்மா பயந்துபோய்க் குந்தினன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? கச்சேரிக்காரர் தலையாட்டினவர் எண்டன். பொய் இல்லைத்தானே. மிச்சத்தைச் சனம் தாங்களே சேத்துக்கொண்டுது. பிறகு நிப்பாட்ட எனக்கு ஏலாமப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஒன்பது வருடம் எந்த மண்டபத்திலும் நிமிர்ந்து இருக்காதவன் நான். என் பிள்ளை கடையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டாள். இந்த மனுசன் அதற்கு ஒரு வார்த்தையில் மருந்து வைத்திருந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"நீங்கள் வராமலே விட்டிருக்கலாமே அண்ணை. மகனைப் பிடிச்ச பிறகும் ஏன் வோட்டுப் போட வந்தனீங்கள்?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"விரலிலை மை பூசுவியள்தானே. அதை முகாமிலை கொண்டுபோய்க் காட்டி, நான் உங்கடை சொல்லுக் கேட்டு வோட்டுப் போட்டனான், என்ரை பிள்ளையை விடுங்கோ எண்டு கேக்க நினைச்சன்." கையை விரித்துச் சின்னவிரலைப் பார்த்தார். "குந்தினதிலை மையும் இல்லை. அவன் வர ரெண்டு மாசம் செண்டுது. என்ரை பயத்தாலைதான் பிள்ளை உள்ளுக்கை கிடக்கிறான் எண்டு ஒவ்வொரு நாளும் யோசிச்சன். அந்தக் கோவத்தை ஆரிலையாவது போடத்தானே வேணும். உம்மிலை போட்டிட்டன்."

மகன் இப்போது பிக்கரிங்கில் வீடு வாங்கி, லொறி ஓட்டி நன்றாக இருக்கிறான். அதனால் இதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அன்று அந்தக் கதிரையில் இருந்தபோது என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு வாக்குச்சீட்டை அவர் எதற்காக வாங்க வந்தார் என்பது அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த எனக்குத் தெரியாது. லெப்டினன்றுக்குத் தெரியாது. அவனை அனுப்பிய நாட்டுக்கு நிச்சயமாகத் தெரியாது. நாங்கள் எல்லோரும் அவர் தன்னுடைய பிரதிநிதியைத் தெரிவு செய்ய வந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சி நாளைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு இங்கிலிசு வராதே" என்றார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். "நீர் தலையை ஆட்டாமல் வாயாலை சொல்லுறதெண்டால் வாறன்" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

5

பயிற்சி ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். மேசை, பட்டியல், மட்டைப்பெட்டி எல்லாம் வைத்து ஒரு பொய் வாக்கெடுப்பு நிலையம் செய்திருந்தார்கள். இளைப்பாறிய இராணுவத்தவர் ஒருவர் துவக்குக்குப் பதிலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கனகு அண்ணைதான் வாக்காளர். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அவருடைய பெயரை நாலு துண்டாக முறித்து வாசித்தது. நான் தலையாட்டினேன். கனகு அண்ணை கைகளைத் தலையில் வைத்துச் சுவர்ப்பக்கம் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி, "இனிக் குந்தேலாது தம்பி. முழங்கால் விடாது எண்டு சொல்லும்" என்றார்.

சொன்னேன். சிரித்தார்கள். பிறகு நடந்ததை முழுவதும் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓர் இளைஞன் கையை உயர்த்தினான். "ஆனால் கொசோவோவில் எங்கள் படைகளுக்குப் பூப் போடுகிறார்களே. உங்கள் நிலைமை வேறு அல்லவா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

கனகு அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார். "நாங்களும் பூப் போட்டனாங்கள். நான் சைக்கிளும் திருத்திக் குடுத்தனான். பூப் போட்ட ஆக்களும் இருப்பினம். குண்டு விழுந்து வீடு போன ஆக்களும் இருப்பினம். வோட்டுப் பெட்டி ரெண்டு பேரிட்டையும்தானே போகோணும்? துவக்கோடை வந்த நாடே பிறகு பெட்டியோடையும் வந்தால், சனத்துக்கு அந்த ரெண்டும் ஒரு வீட்டுச் சாமான்தான். நல்ல மனசோடைதான் வந்தவங்கள் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்த ஆமிப் பொடியன் நல்லவன் எண்டு இவர் சொல்லித்தான் போன கிழமை எனக்குத் தெரியும்."

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். குடையோடு நின்றவர் அதை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். மார்கிரெட் கேட்டார்: "அப்படியானால் நாங்கள் என்ன செய்வது? போகாமல் விடுவதா?"

"அது எனக்குத் தெரியாது பிள்ளை. நான் சைக்கிள் திருத்திறவன்."

அன்று பின்னேரம் நான் படிவத்தில் இடைஞ்சல் என்ற பெட்டியில் அடையாளம் வைத்தேன். கோடு போதாமல் பின்பக்கம் முழுவதும் எழுதினேன். அமைதியாக நடைபெற்றது என்று ஒப்பம் வைத்ததையும் எழுதினேன். வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

செப்டம்பரில் அவர்களுடைய கைநூல் வந்தது. நாற்பது பக்கம். எங்கள் கதையில் இருந்து ஒரு வரி எடுத்திருந்தார்கள். அலுவலர்கள் தலையசைப்பைத் தவிர்த்து வாய்மொழியாக உறுதிப்படுத்த வேண்டும் என்று. மற்றது ஒன்றும் இல்லை. நான் மார்கிரெட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிச்சத்தை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை, மேலிடத்தில் அது தேர்தல் விடயம் அல்ல, வெளிநாட்டுக் கொள்கை என்கிறார்கள் என்றார். அவருடைய குரலில் சலிப்பு இருந்தது. கச்சேரியில் வேலை செய்தவன் நான், எனக்கு அது விளங்காததல்ல. படை அனுப்புகிற பகுதி வேறு, பெட்டி அனுப்புகிற பகுதி வேறு. ஒரு கந்தோரில் இருப்பவருக்கு மற்றக் கந்தோரின் வேலை தெரியாது. ஆனால் இரண்டு கந்தோரும் அனுப்புவது ஒரே வீட்டு முகவரிக்குத்தான் போய்ச் சேருகிறது.

6

அதே தொலைபேசி அழைப்பில்தான் மார்கிரெட் எனக்கு வேலை தந்ததையும் சொன்னார். பின்பக்கம் எழுதியதை வாசித்துத்தான் தந்தாராம். நான் போகப்போகிற பட்டினத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் படைக்குக் கை காட்டுகிறார்கள், மற்றக் கரையில் கதவைப் பூட்டுகிறார்கள். பாலத்தில் சிப்பாய்கள். நான் இரண்டு கரைக்கும் போக வேண்டும்.

அடுத்த கிழமை ஒரு பொதி வந்தது. உள்ளே தடித்த மேற்சட்டை. கையில் கனடாக் கொடி தைத்திருந்தது. கொடியைக் கழற்றலாமா என்று கேட்டேன். அது உங்களுடைய பாதுகாப்புக்காக, கழற்றக்கூடாது என்றார்கள். தர்சினி அதைப் போட்டுக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள். போட்டேன். "யூ லுக் குட், அப்பா" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். கடையில் கேட்ட சொல்லின் அர்த்தத்தை அன்றுதான் அவளுக்குச் சொன்னேன், முழுக் கதையையும். அவள், அந்த ஆமிக்காரப் பொடியன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நான் யோசித்ததுகூட இல்லை. கண்ணாடியில் கொடியோடு நின்ற என்னைப் பார்த்தபோது, அவனுடைய இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்பது உறைத்தது. நல்ல மனதோடு, அம்மாவின் பாயாசத்தை நினைத்துக்கொண்டு வந்தவன். போகாமல் விடலாம் என்று அப்போதுதான் முதன்முதல் தோன்றியது. இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் அதையே யோசித்தேன்.

மூன்றாம் நாள் கனகு அண்ணையிடம் போனேன். பல்கனியில் ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நிற்காமல் வேலை செய்துகொண்டே கேட்டார்.

"உம்மை அனுப்புறது ஆர்?"

"இந்த நாடுதான், அண்ணை. காசு அவையள்தான் குடுக்கினம்."

"அங்கை குண்டு போட்டதிலையும் இந்த நாடு இருந்ததுதானே?"

"ஓம் அண்ணை."

"அது தெரிஞ்சும் போக உமக்கு விருப்பமோ?"

"விருப்பம்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை உது. அங்கையும் தங்கடை பிள்ளையைத் தேடிக்கொண்டு வரிசையிலை நிக்கிற ஆக்கள் இருப்பினம். ஏன் வந்தனீங்கள் எண்டாவது அவையளைக் கேக்கலாம். ஆனா இந்தக் கொடியோடை போய் நிக்க எனக்குப் பயமாயும் கிடக்கு."

அவர் செயினைப் பல்லில் ஏற்றிவிட்டு மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். சரியாக ஓடியது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"போய் வாரும் தம்பி. சனம் உம்மைக் கண்டு பயப்பிடும். அதுக்காக அவையிலை கோவிச்சுப்போடாதையும்."